எந்தக் காமிராவை வாங்குவது?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கையில் ஓர் அலைபேசி இருந்தால் எவரும் படம் பிடிக்கலாம் என்னும் காலம் இது. ஆயினும் தனியாக ஒரு காமிரா வாங்க வேண்டிய தேவை சிலருக்கு இன்றும் வருகிறது. எனக்கு வந்தது. அப்போது நான் பட்ட குழப்பத்தையும், அதைத் தீர்க்க நம் இயற்பியல் பாடமே துணை நின்ற விதத்தையும் மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற கார்த்திகை மாதம் என் தாயார் 40,000 ரூபாயை என் கையில் கொடுத்தார். பீடி சுற்றிய கூலியில் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது. மேல்நிலைப் பள்ளி நாள்களிலிருந்தே முகூர்த்த நாள்களில் என் தாய்மாமாவின் ஸ்டுடியோவில் கைவேலை செய்து வருகிறேன். "மருமவனே, சொந்தமா ஒரு காமிரா வச்சிக்கிட்டா, லைட் பிடிக்கிற வேலையை விட்டுட்டுப் படம் எடுக்கிற வேலையே தாரேன்" என்று மாமா சொல்லியிருந்தார். அதைக் கேட்டே அம்மா பணம் தந்தார். தரும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "எய்யா, பெட்டியில பூட்டி வைக்கிற சாமானா வாங்கிராத. பிரயோசனப்படுற சாமானா பார்த்து வாங்கு."

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்தப் பணம் வீணானால் இன்னொரு 40,000 ரூபாய் வருவதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே கடைக்குப் போகுமுன் கணக்குப் போட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

என் முன் இரு வழிகள் இருந்தன. பழைய ஃபுல் ஃப்ரேம் டி.எஸ்.எல்.ஆர். காமிரா ஒன்றை வாங்கு என்றார் மாமா. பறவைகள்மேல் தீராத பற்றுக் கொண்ட, விலங்கியல் பயிலும் என் நண்பனோ, சூப்பர் ஜூம் பிரிட்ஜ் காமிராதான் சரி என்றான். இருவரும் விவரம் தெரிந்தவர்களே. இருவர் சொல்லும் எப்படிச் சரியாக முடியும்?

இரு கருவிகளும் யாவை?

டி.எஸ்.எல்.ஆர். காமிராவில், லென்ஸ் வழியே வரும் ஒளியை உள்ளிருக்கும் ஓர் ஆடி மேல்நோக்கித் திருப்புகிறது. அவ்வொளி ஒரு பட்டகத்தின் வழியாக நம் கண்ணை அடைகிறது. பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலே எழும்பிவிடும். ஒளி நேராகச் சென்று சென்சார் என்னும் ஒளியுணர் தகட்டின்மீது விழும். லென்ஸைக் கழற்றி வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம்.

ஃபுல் ஃப்ரேம் என்பது அந்தத் தகட்டின் அளவைக் குறிக்கும் சொல். தகடு 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உடையது. இந்த அளவுக்கு ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியில் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பார்னாக் என்பவர், சினிமாப் பிலிமைச் சிறு காமிராவில் பயன்படுத்த எண்ணினார். 18 மி.மீ.க்கு 24 மி.மீ. என்றிருந்த சினிமாச் சட்டங்கள் இரண்டைச் சேர்த்து ஒரு சட்டமாக்கினார். 1925-இல் லைக்கா என்ற பெயரில் அக்காமிரா விற்பனைக்கு வந்தது. பிலிம் போய்ச் சென்சார் வந்த பின்னும் அந்த அளவு நிலைத்துவிட்டது.

பிரிட்ஜ் என்றால் பாலம். சட்டைப்பையில் அடங்கும் சிறு காமிராவுக்கும் டி.எஸ்.எல்.ஆர். காமிராவுக்கும் இடையே பாலம் போல் நிற்பதால் இப்பெயர். இதன் லென்ஸைக் கழற்ற முடியாது. ஆனால் அந்த ஒரே லென்ஸ் அருகையும் காட்டும், மிகத் தொலைவையும் காட்டும். 2015-இல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் பி900 காமிராவின் ஜூம் 83 மடங்கு. 2018-இல் வந்த பி1000 காமிராவில் அது 125 மடங்கு. இத்தகைய காமிராக்கள் பலவற்றின் சென்சார், சுமார் 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமுமே கொண்டது, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது.

பரப்பைப் பெருக்கிப் பாருங்கள். முன்னது 864 சதுர மி.மீ.; பின்னது 28 சதுர மி.மீ. அதாவது ஒன்று மற்றதைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு. இனி வரும் கணக்கெல்லாம் இந்த 30-இல்தான் அடங்கியிருக்கிறது.

தொலைவின் கணக்கு

பி900 காமிராவின் லென்ஸ் 2000 மி.மீ.க்குச் சமம் என்று விளம்பரத்தில் காண்கிறோம். அதன் உண்மையான குவியத் தொலைவு 357 மி.மீ. தான். சென்சார் சிறியதாகையால், காட்சியின் சிறு பகுதி மட்டுமே அதில் விழுகிறது. ஃபுல் ஃப்ரேம் காமிராவில் அதே சிறு பகுதி மட்டும் விழவேண்டுமானால் 2000 மி.மீ. லென்ஸ் வேண்டும். 'சமம்' என்பதன் பொருள் இவ்வளவே.

இது வெறும் ஏமாற்றா? அன்று. நிலாவை எடுத்துக்கொள்வோம். நிலா நம் கண்ணில் ஏறத்தாழ அரைப் பாகைக் கோணம் தாங்குகிறது. 357 மி.மீ. லென்ஸ் சுமார் 3.2 மி.மீ. விட்டமுள்ள நிலா உருவத்தைத் தரும். அச்சென்சாரில் ஒரு புள்ளியின் அகலம் ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் 1.34 பங்கு. ஆகவே நிலாவின் விட்டத்தில் 2,400 புள்ளிகள் அமைகின்றன. 2012-இல் வெளிவந்த கேனன் 6டி என்னும் ஃபுல் ஃப்ரேம் காமிராவில் 300 மி.மீ. லென்ஸை மாட்டினால் நிலா 2.7 மி.மீ. இருக்கும், அதன் புள்ளிகள் பெரியவையாதலால் விட்டத்தில் 415 புள்ளிகளே அமையும். சிறு காமிரா இங்கே வெல்கிறது!

ஆனால் 2,400 புள்ளியும் உண்மையான விவரம் என்று நம்பிவிடக் கூடாது. ஒளியின் விளிம்பு விளைவையும் இராலே வரையறையையும் நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். ஒரு துளை வழியே செல்லும் ஒளி ஒரு புள்ளியாகக் குவிவதில்லை. ஒரு சிறு வட்டாகவே விழும். முழு ஜூமில் இக்காமிராவின் எஃப் எண் 6.5. வாய்பாட்டில் இட்டால், அந்த வட்டின் விட்டம் சென்சாரின் 6 புள்ளிகளுக்கும் மேற்பட்ட இடத்தை அடைக்கிறது. கணக்கிட்டால், நிலாவின் குறுக்கே தனித்தனியாகப் பிரித்தறியத்தக்க இடங்கள் 740 அளவில்தான் தேறும். எனினும் அது 415-ஐ விட அதிகமே அல்லவா? எனவே தொலைவில் உள்ளதை நல்ல வெளிச்சத்தில் எடுப்பதற்குப் பிரிட்ஜ் காமிராவே சிறந்தது என்ற என் நண்பனின் கூற்று இயற்பியலாலும் உறுதியாகிறது.

ஃபுல் ஃப்ரேம் காமிராவில் இதனை விஞ்ச வேண்டுமானால், 600 மி.மீ. போன்ற பெரிய லென்ஸ் வேண்டும். எஃப் எண் 4 உடைய அத்தகைய லென்ஸ் ஒன்றே 3 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. விலையோ பல இலட்சம். பி900 காமிராவின் மொத்த எடையே ஏறத்தாழ 900 கிராம்தான்.

ஒளியின் கணக்கு

இனி மாமாவின் கட்சியைப் பார்ப்போம். முற்றத்தில் மழை பெய்கிறது. ஒரு தாம்பாளத்தையும் ஒரு தம்ளரையும் அருகருகே வைக்கிறோம். இரண்டின்மீதும் பெய்வது ஒரே மழைதான். ஆனால் தாம்பாளத்தில் சேரும் துளிகள் மிகுதி. ஒளியும் அவ்வாறே. எஃப் எண்ணும் நேரமும் ஒன்றாயிருப்பின், பெரிய சென்சார் சிறியதைப்போல் 30 மடங்கு ஒளித்துகள்களைப் பெறுகிறது.

மிகுதியாகப் பெறுவதால் என்ன பயன்? ஒளித்துகள்களும் மழைத்துளிகளைப் போல் ஒழுங்கின்றியே விழுகின்றன. சராசரியாக 100 துகள்கள் விழும் இடத்தில், அதன் வர்க்கமூலமான 10 அளவுக்குக் கூடவும் குறையவும் செய்யும். பிழை நூற்றுக்குப் பத்து. அதே இடத்தில் 3,000 துகள்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 55. பிழை நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவியது போல் தெரிகிறதே, அது பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கமே. காமிராவுக்குள் இருக்கும் கணிப்பொறி அந்த மணலைத் துடைக்க முயலும்போது, மணலோடு சேர்த்துத் தலைமுடியையும் சேலைக் கரையையும் துடைத்துவிடுகிறது.

"ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டினால் போதாதா?" என்று கேட்கலாம். வானொலியில் தொலைதூர நிலையம் ஒன்று சரியாகக் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டினால் பாட்டும் கூடும், இரைச்சலும் கூடும். அதுபோலத்தான். கிடைக்காத ஒளியைப் பிற்பாடு எதனாலும் உண்டாக்க முடியாது.

இவ்வுண்மை எனக்கு வீட்டிலேயே தெரிந்திருந்தது. நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா காலமானார். அவரைத் தனியாக எடுத்த படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. வாக்காளர் அட்டையில் இருந்த தபால்தலை அளவுப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம். கண் இருக்கும் இடத்தில் கறுப்பாக ஏதோ இருக்கிறது. மீசை ஒரு கோடு. எத்தனை கடைகளில் கொடுத்து எத்தனை முறை பெரிதாக்கியும் அம்முகம் தெளியவில்லை. பெரிதாக்குவது வேறு, விவரம் இருப்பது வேறு என்பதை நான் அறிந்தது அந்தப் படத்தில்தான்.

இரண்டு சோதனைகள்

கணக்கு மட்டும் போதாது, சோதனையும் வேண்டும் என்று நம் பேராசிரியர்கள் கூறுவர். மாமாவின் ஃபுல் ஃப்ரேம் காமிராவையும், நண்பன் வழியாக ஒரு பிரிட்ஜ் காமிராவையும் இரண்டு நாள் இரவல் வாங்கினேன்.

முதற்சோதனை ஏரிக்கரையில். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில் உள்ள கூந்தன்குளம், 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சார் ஈரநிலங்களின் வரிசையிலும் இடம்பெற்றது. எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போகும் தூரம்தான். காலை 8 மணி வெயிலில், நீரின் நடுவே வரித்தலை வாத்துகள் நின்றிருந்தன. பிரிட்ஜ் காமிராவில் அவற்றின் தலையிலுள்ள இரண்டு கறுப்பு வரிகளும் தனித்தனியே தெரிந்தன. மாமாவின் காமிராவில் 300 மி.மீ. லென்ஸ் இருந்தும் வாத்து ஓர் அரிசிமணி அளவில்தான் இருந்தது. மங்கோலியாவில் கழுத்துப் பட்டை அணிவித்து விடப்பட்ட வரித்தலை வாத்துகள் தென்னிந்திய ஏரிகளில் காணப்பட்டுள்ளன. அப்பட்டையின் எழுத்தைக் கரையிலிருந்து படிக்க வேண்டுவோர்க்கு எது உதவும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் 11 மணிக்கு மேல், நீரின்மேல் வெப்பக் காற்று அலையத் தொடங்கியதும் இரு காமிராக்களிலும் பறவை நெளிந்தது. காற்றின் ஒளிவிலகலை எந்த ஜூமும் வெல்லாது.

இரண்டாம் சோதனை எங்கள் வீட்டில், இரவு 7 மணிக்கு. கூடத்தில் 9 வாட் விளக்கு ஒன்றே உண்டு. அதன் கீழே அம்மா பீடித் தட்டை மடியில் வைத்து இலை சுருட்டிக்கொண்டிருந்தார். பிரிட்ஜ் காமிரா எடுத்த படத்தில் அம்மா இருந்தார். ஆனால் விரல்கள் ஒன்றோடொன்று கரைந்து, தூரிகையால் தீட்டியவை போல் இருந்தன. மாமாவின் காமிராவில் எஃப் எண் 1.8 உடைய 50 மி.மீ. லென்ஸை மாட்டி எடுத்தேன். இலையின் நரம்பும், சுற்றும் நூலும், நூல் பட்டுப் பட்டுக் காய்த்த ஆட்காட்டி விரலும் தெளிவாக விழுந்திருந்தன. நேர்மையாகச் சொன்னால், இவ்வெற்றி சென்சாருக்கு மட்டும் உரியதன்று. அகன்ற வாயுள்ள லென்ஸுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அப்படிப்பட்ட லென்ஸை மாட்டிக்கொள்ள இடம் தருவது டி.எஸ்.எல்.ஆர். தானே!

மார்கழிக் குறிப்பேடு

ஆக, ஒன்று தொலைவை வெல்கிறது. மற்றொன்று இருளை வெல்கிறது. 'எந்தக் காமிரா சிறந்தது?' என்ற கேள்வியே தவறு என்று எனக்கு அப்போதுதான் புலப்பட்டது. 'நான் எடுக்க விரும்புவது எவ்வளவு தொலைவில், எவ்வளவு ஒளியில் இருக்கிறது?' என்பதே கேள்வி. அதற்கு விடை எந்தக் கடைக்காரரிடமும் இல்லை, என்னிடம்தான் இருக்கிறது.

எனவே மார்கழி முழுவதும் ஒரு குறிப்பேட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். 'இதைப் படம் எடுத்தால் நன்றாயிருக்குமே' என்று தோன்றும் போதெல்லாம் பொருள், தொலைவு, ஒளி ஆகிய மூன்றையும் எழுதினேன். மார்கழியில் முகூர்த்தம் இல்லை. ஆகவே தொழிலின் நெருக்கடி அதில் இல்லை. என் மனம் விரும்பியவை மட்டுமே ஏட்டில் ஏறின.

பறவைகளே நிறைந்திருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். மாத முடிவில் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 54 குறிப்புகள். அவற்றுள் 30 மீட்டருக்கு அப்பால் இருந்தவை 12. இடைப்பட்டவை 5. ஐந்து மீட்டருக்குள் இருந்தவை 37. அந்த 37-இல் 29, விளக்கொளியிலோ விடியலிலோ அந்தியிலோ கண்டவை. விடியுமுன் அகல் விளக்கை வைத்துக் கோலமிடும் சிறுமி, பஜனைக்குப் போகும் பெரியவரின் முகம், தேநீர்க் கடைப் பாய்லரின் அருகே குளிர் காய்வோர், தெருவிளக்கின் கீழ் படிக்கும் பையன்... பெரும்பாலும் மனிதர்கள், பெரும்பாலும் மங்கிய ஒளி.

நான் பறவைக் காதலன் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்தேன். ஏடு வேறு விதமாகச் சொல்லிற்று. அப்பாவின் மங்கிய படத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு முகங்கள்மேல் நாட்டம் இருப்பதில் வியப்பென்ன?

தை மாதம், நகரத்துப் புகைப்படக் கலைஞர் ஒருவரிடமிருந்து பழைய ஃபுல் ஃப்ரேம் காமிராவை 31,000 ரூபாய்க்கும், ஒரு 50 மி.மீ. லென்ஸை 8,000 ரூபாய்க்கும் வாங்கினேன். மீதி 1,000 ரூபாயை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். வரித்தலை வாத்துகளை இழந்தேன் என்பது உண்மை. அந்த இழப்பைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டேன்.

என் நண்பன் அதே மாதம் பழைய பிரிட்ஜ் காமிரா ஒன்றை வாங்கினான். பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு அதனோடு சென்று வந்தான். அவன் ஏடு எழுதியிருந்தால் என் ஏட்டின் எண்கள் அப்படியே தலைகீழாக இருந்திருக்கும். அவன் செய்ததும் சரியே.

வாங்குவோர் கவனத்திற்கு

எனக்குப் பயன்பட்ட சில செய்திகளை இங்கே தருகிறேன். இன்று பெரிய நிறுவனங்கள் ஆடி இல்லாத மிர்ரர்லெஸ் காமிராக்களிலேயே கவனம் செலுத்துகின்றன. அதனால் பழைய டி.எஸ்.எல்.ஆர். காமிராக்கள் நம்மைப் போன்றோர்க்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன. பழையதை வாங்கும்போது ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேட்டறிக. 6டி காமிராவின் ஷட்டர் 1,00,000 முறைக்கு எனக் கணிக்கப்பட்டது. லென்ஸின் பின்புறம் கைவிளக்கை அடித்து முன்புறம் நோக்குக. சிலந்தி வலை போல் பூஞ்சை தெரிந்தால் வாங்க வேண்டா. எஃப் எண் 16-இல் வெறும் வானத்தைப் படம் எடுத்துப் பார்த்தால் சென்சாரிலுள்ள தூசி கரும்புள்ளிகளாகத் தெரியும். லென்ஸின் விலையையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்க. காமிராவுக்கே பணம் முழுவதையும் கொடுத்துவிட்டு லென்ஸுக்கு வழியின்றி நின்றவர்களை நான் அறிவேன்.

இவ்விரண்டுக்கும் நடுவழி ஒன்றும் உண்டு. 2017-இல் வந்த சோனி ஆர்.எக்ஸ்.10 நான்காம் வகை போன்ற பிரிட்ஜ் காமிராக்களின் சென்சார் 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ. அளவுடையது, பரப்பில் சிறியதைப்போல் நான்கு மடங்கு. 600 மி.மீ.க்குச் சமமான ஜூமும் உண்டு. வசதியுள்ளோர் அதனை எண்ணிப் பார்க்கலாம். என் 40,000 அதற்கு எட்டவில்லை.

முடிவுரை

தை முகூர்த்தங்களில் மாமா சொன்னபடியே எனக்கு வேலை தந்தார். காமிரா இன்னும் தன் விலையை முழுதும் சம்பாதிக்கவில்லை. ஆனால் மூன்றாமாண்டுக் கட்டணத்துக்கு அம்மாவிடம் கை நீட்ட வேண்டியதில்லை.

வேறொன்றும் நடந்தது. அம்மாவின் படத்தை அச்சிட்டு வீட்டில் வைத்திருந்தேன். பீடிக்கடைக்கு அம்மாவோடு போகும் பாட்டி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, மறுநாள் மாலை வெள்ளைச் சேலையை மாற்றி, தலையைப் படிய வாரிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். "எய்யா, என்னையும் ஒரு படம் எடு. நான் போன பிறகு மாட்டுறதுக்கு ஒண்ணு வேணும்லா" என்றார். அவரைத் தொடர்ந்து இதுவரை 19 பேரை எடுத்திருக்கிறேன். அச்சுக் கூலி தவிர வேறெதுவும் வாங்குவதில்லை. எல்லாரும் வேலை முடிந்து அந்தியில்தான் வருகிறார்கள். அந்த 9 வாட் விளக்கின் கீழேதான் உட்கார வைக்கிறேன். கண் கண்ணாகத் தெரிகிறது.

ஆகவே நண்பர்களே, காமிராவேயாயினும் வேறெந்தக் கருவியேயாயினும், பிறர் சொல்லையும் விளம்பரத்தின் எண்களையும் கொண்டு முடிவு செய்யாதீர்கள். பத்து ரூபாய்க்கு ஒரு குறிப்பேடு வாங்குங்கள். ஒரு மாதம் எழுதுங்கள். பிறகு கடைக்குப் போங்கள்.